வெண்ணெய் வேண்டாம் என்றபடியே பிரான்சில் நடந்தோம்

எங்கள் மகள் மாலதி லண்டனில் தாதியாக வேலை பார்க்கிறாள். இருதய ஆப்பரேஷன் முடிந்தவர்களைக் கவனித்துக்கொள்ளும் வார்டு. எனக்கும் அதே ஆப்பரேஷன் கோலாலம்பூரில் நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அப்பா இன்னும் வாசற்படி தாண்ட யோசிக்கிறார் என்று அவள் அம்மா போனில் சொல்லப்போக, "ரெண்டு பேரும் கிளம்பி வாங்க, ஒரு மாசம் இருந்துட்டுப் போகலாம்" என்று கூப்பிட்டாள். போனோம்.

போய் ஒரு வாரம் கழித்துத்தான் விஷயம் வெளியே வந்தது. பிரான்சின் கிராமப்புறத்தில் வழிகாட்டி ஒருவருடன் ஊர் ஊராக நடந்துபோகும் விடுமுறை ஒன்று இருக்கிறதாம். பகலெல்லாம் நடை. சாயங்காலம் ஆனால் அந்தந்த ஊர் விடுதியில் விருந்துச் சாப்பாடு. எங்கள் இருவருக்கும் அதில் இடம் போட்டு வைத்திருந்தாள்.

"நடக்கிறதுக்கா இவ்வளவு தூரம் பிளேன் ஏறி வந்தோம்?" என்றேன்.

"எங்க வார்டுல ஆப்பரேஷன் முடிஞ்சதும் எழுப்பி நடக்க வெச்சிடுவோம்ப்பா. நீங்க இன்னும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கல."

"அவருக்கு மூச்சு வாங்கும்டி" என்றாள் என் மனைவி நாகேஸ்வரி.

"வாங்கட்டும்மா. மூச்சுன்னா வாங்கத்தான் செய்யும்."

எனக்கு நெஞ்சுவலி வந்தது கோலாலம்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் கிள்ளானில். ஒரு சனிக்கிழமை மத்தியானம், தீபாவளிச் சாமான் வாங்கிக்கொண்டு எங்கள் வீடு இருக்கும் பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பப் பஸ்ஸுக்காகக் காத்திருந்தோம். பக்கத்தில் வடை விற்றுக்கொண்டிருந்தவர், "அங்கிள், உக்காருங்க, உக்காருங்க லா!" என்று பதறித் தன் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். உட்கார்ந்தேன். சொல்லப்போனால் அதற்குப் பிறகு நான் எழுந்திருக்கவே இல்லை. ஆப்பரேஷன் நன்றாக முடிந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நான் வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தேன். அரசாங்க அலுவலகத்தில் இருபது வருஷத்துக்கு மேல் வரைபடம் வரைந்தவன், என் நெஞ்சு துடிப்பதைக் காது கொடுத்துக் கேட்பதையே முழுநேர வேலையாக்கிக்கொண்டேன்.

நாகேஸ்வரி கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. வகுப்பை நடத்துவதுபோலவே என் உடம்பையும் நடத்தினாள். எண்ணெய், தேங்காய், உப்பு எல்லாம் அடுப்படியிலிருந்து வெளியேறின. நெய் சொட்டும் ரொட்டி சானாய்க் கடை இருக்கும் தெரு வழியாக டாக்சிகூடப் போகக்கூடாது. எனக்கு வேகவைத்த காய்தான் என்றால் அவளுக்கும் அதேதான். தனக்கென்று ஒரு கரண்டி குழம்புகூட வைத்துக்கொண்டதில்லை. நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரைப் புட்டி எப்போதும் அவள் கைப்பையில் இருக்கும். நான் குளிக்கப் போனால் கைப்பையோடு கதவுக்கு வெளியே நிற்பாள்.

இப்படிப்பட்ட இரண்டு பேரைத்தான் மாலதி பிரான்சுக்கு ரயிலேற்றி விட்டாள்.

முதல் நாள் சாயங்காலம் ஒரு சின்ன ரயில் நிலையத்தில் வழிகாட்டி காத்திருந்தார். பெயர் மார்செல். நாற்பது வயதிருக்கும். நல்ல உயரம், அந்தக் குளிரிலும் அரைக் கால்சட்டை. துரைசாமி என்ற என் பெயரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, "மிஸ்யூ சாமி" என்று முடிவு செய்தார். "பாருங்க, வந்ததும் வராததுமா சாமின்னு கூப்பிடுறான்" என்று நாகேஸ்வரிக்கு ஒரே சிரிப்பு. அந்தப் பகுதிக்குப் பெரிகோர் என்று பெயர். வாத்தும் அக்ரூட் என்கிற வாதுமைக்கொட்டையும் காளானும்தான் அந்த ஊரின் பெருமை என்று வண்டியில் வரும்போதே சொல்லிவிட்டார். நாகேஸ்வரி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

எங்களோடு நடக்க வந்தவர்கள் நான்கு பேர். ஓய்வுபெற்ற ஆங்கிலேயத் தலைமையாசிரியர் ஆர்தர், அவர் மனைவி ஜோன், பிறகு எங்கே போனாலும் பாடிக்கொண்டே போகிற ஹாலந்து அக்கா தங்கை இருவர்.

விடுதி ஒரு பழைய கல் வீடு. மேசையில் உட்கார்ந்ததும் பரிமாற வந்த பெண்ணிடம் நாகேஸ்வரி வகுப்புக் குரலில் சொன்னாள்: "நோ பட்டர். நோ ஆயில். நோ சால்ட். ஹார்ட்." கடைசிச் சொல்லுக்கு என் நெஞ்சைச் சுட்டிக்காட்டினாள்.

மார்செல் மொழிபெயர்த்தார். அந்தப் பெண் உள்ளே போனாள். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் கரண்டியும் கையுமாகச் சமையற்கார அம்மாளே வெளியே வந்து, என் முகத்தைப் பார்த்து, நெஞ்சைப் பார்த்து, மார்செலிடம் ஏதோ கேட்டார்.

"'இதையெல்லாம் எடுத்துவிட்டால் இவருக்குச் சமைக்க என்னதான் மிச்சம் இருக்கிறது?' என்று கேட்கிறார்" என்றார் மார்செல்.

வேகவைத்த உருளைக்கிழங்கு மிச்சம் இருந்தது. கூடவே ஒரு கேரட். எனக்கு ஒரு தட்டு, நாகேஸ்வரிக்கு ஒரு தட்டு. துக்க வீட்டில் பரிமாறுவதுபோல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள் அந்தப் பெண். மற்றவர்களுக்கு வாத்துக்கால். அதன் கொழுப்பிலேயே வெகுநேரம் வெந்து, பிறகு தோல் மொறுமொறுக்கும்வரை வறுபட்டது. கிள்ளானில் சீனர் கடையில் கழுத்தோடு தொங்கும் சிவப்பு வாத்துதான் எனக்குத் தெரியும். இது வேறு வாத்து. பூண்டு வாசனை என் பக்கம் வரும்போதெல்லாம் நான் உருளைக்கிழங்கைப் பார்த்தேன், நாகேஸ்வரி என்னைப் பார்த்தாள்.

அடுத்த நாள் காலையில் ஜன்னல் வழியே பார்த்தால், ஊரே ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகிறது. தாள் சுற்றுவதில்லை, பை கிடையாது. பிரிக்பீல்ட்ஸில் ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் ஹார்ன் அடித்துக்கொண்டு வீட்டு வாசலுக்கே வருவார். இங்கே எண்பது வயதுக் கிழவரும் ரொட்டிக்காக மேடேறி இறங்குகிறார். நான் வயதைக் கணக்குப் போட்டு மனதுக்குள் கொஞ்சம் குன்றிப்போனேன்.

ஆனாலும் அன்று நடக்கவில்லை. மற்றவர்கள் கிளம்பிப் போனதும், பெட்டிகளை அடுத்த ஊருக்குக் கொண்டுபோகும் வேனில் நாங்கள் ஏறிக்கொண்டோம். டிரைவர் பேசாத மனிதர். ஜன்னலை மூடிக்கொண்டு சிகரெட் பிடித்தார். வழியில் ஒரு வாத்துக் கூட்டம் சாலையைக் கடந்தது. அவசரமே இல்லாமல், நம்மூர் எருமைகளைப் போல. வேன் நின்றது. வாத்துகள் போன பிறகும் வேன் கிளம்பவில்லை. டிரைவர் இறங்கி முன்பக்கம் ஒரு உதை விட்டார். பிறகு என்னைப் பார்த்து, பின்னால் போய்த் தள்ளும்படி கையைக் காட்டினார்.

"நோ! நோ! ஹார்ட்!" என்று கத்தினாள் நாகேஸ்வரி.

அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, அதற்குள் அவள் இறங்கிவிட்டாள். சேலை முந்தானையை இடுப்பில் செருகினாள். மாலதி வாங்கிக்கொடுத்த புது விளையாட்டுச் சப்பாத்து மாட்டிய காலோடு வேனின் பின்னால் போய் நின்றாள். நான் உள்ளே, பெட்டிகளுக்கு நடுவில், பின் கண்ணாடி வழியாக என் மனைவி மூச்சைப் பிடித்து வேன் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி உறுமிக் கிளம்பியது. நிறுத்தினால் மறுபடி நின்றுவிடும் என்று பயந்தாரோ என்னவோ, அந்த மனிதர் நிறுத்தவே இல்லை. மெதுவாக ஊர்ந்துகொண்டே போனார். நாகேஸ்வரி பின்னால் ஓடிவந்தாள். நான் கதவைத் திறந்து கையை நீட்டி அவளை உள்ளே இழுத்தேன். அவள் என் மேலேயே விழுந்து, மூச்சு வாங்க, முதலில் கேட்ட கேள்வி: "இழுத்தீங்களே, நெஞ்சுல ஒண்ணும் இல்லையே?"

அன்று முழுவதும் அந்தப் பின் கண்ணாடிக் காட்சி எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை, "நானும் கொஞ்ச தூரம் நடக்கிறேன்" என்றேன். மார்செல் எனக்காகவே நடையைக் குறைத்துக்கொண்டார். ஆற்றங்கரையை ஒட்டிய சமதரை. மூடுபனிக்குள் மரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பாதையில் இலைகள் மஞ்சளும் சிவப்புமாகக் கிடந்தன. நம்மூரில் மரம் எப்போதும் பச்சை. வருஷம் போவதை மரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. நடந்தேன் என்று சொல்வதைவிட, நெஞ்சைத் தூக்கிக்கொண்டு போனேன் என்பதுதான் சரி. பத்தடிக்கு ஒருமுறை நாகேஸ்வரி "உக்காருறீங்களா?" என்று கேட்டாள்.

மத்தியானம் ஆற்றோரம் துணி விரித்துச் சாப்பாடு. ஆர்தர் ஒரு பெரிய ஆட்டுப்பால் சீஸ் துண்டை ரொட்டியில் தடவிக்கொண்டே, "உங்களுக்கு எத்தனை குழாய்?" என்று என்னிடம் கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் சட்டையின் மேல் பித்தான்கள் இரண்டைக் கழற்றிக் காட்டினார். நெஞ்சுக்கு நடுவில் என்னுடையதைப் போலவே ஒரு தழும்பு.

"பைபாஸ். எனக்கு மூன்று" என்றார்.

"நான்கு" என்றேன். சொல்லும்போது குரலில் ஒரு பெருமை வந்ததை மறைக்க முடியவில்லை.

"ஆ! ஜெயித்துவிட்டீர்கள்" என்று கை கொடுத்தார் ஆர்தர். அவருக்கு எழுபது வயது. இந்த இரண்டு நாளில் ஓரடி தூரம்கூட அவர் வேனில் போகவில்லை. நான் நாகேஸ்வரியைத் திரும்பிப் பார்த்தேன்.

"அது வெள்ளைக்கார உடம்பு" என்றாள் தமிழில். ஆனாலும் அதற்குப் பிறகு ஆர்தர் வாயில் போடுவதையெல்லாம் அவள் உன்னிப்பாகக் கவனித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

அதற்கடுத்த நாள்தான் அந்தச் சம்பவம்.

சாப்பாடு முடிந்து போகும்போது பாதை இரண்டாகப் பிரிந்தது. நீளமான பாதை குன்றின் மேலுள்ள ஒரு பழைய கோட்டைக்குப் போய்ச் சுற்றி வரும். குறுக்குப் பாதை பள்ளத்தாக்கில் இறங்கி நேராக அன்றைய விடுதிக்குப் போகும். மரங்களில் மஞ்சள் கோடு போட்டிருப்பார்கள், அதைப் பிடித்துக்கொண்டே போனால் போதும் என்றார் மார்செல். "நீங்கள் இருவரும் தனியாகப் போவீர்களா?"

"போவோம்" என்று நாகேஸ்வரி வாய் திறப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

உண்மையில் அது நல்ல நடை. கல்யாணமான புதிதில் கோலாலம்பூர் லேக் கார்டன்ஸ் பூங்காவில் நடந்ததற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டும் இப்படிப் போனதே இல்லை. வழி நெடுக வாதுமை மரங்கள். ரம்புத்தான் பழக் காலத்தில் எங்கள் கிராமங்களான கம்பங்களில் வீடுகளைச் சுற்றிப் பழம் கிடக்குமே, அந்த மாதிரி வாதுமைக்கொட்டை கொட்டிக் கிடந்தது. நாகேஸ்வரி பொறுக்கிப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். தூறல் பிடித்தது. "கொஞ்சம் எட்டிப் போடுங்க, நனைஞ்சிட்டா சளி பிடிக்கும்" என்று திரும்பி என்னிடம் சொல்லிக்கொண்டே காலெடுத்து வைத்தவள், ஈர இலையில் வழுக்கி, பாதையோரம் இருந்த நீரில்லாத ஓடைக்குள் சறுக்கிப்போய் விழுந்தாள்.

நான் இறங்கிப் போய்ப் பிடித்தேன். இடது கணுக்கால் கண்ணெதிரே வீங்கியது. எழுந்து நிற்கப் பார்த்தாள். முகம் வெளுத்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் "ஹலோ! ஹெல்ப்!" என்று கத்தினேன். மழைச் சத்தம் மட்டும்தான். வானம் இருண்டுகொண்டு வந்தது. குளிர் ஏறிக்கொண்டிருந்தது.

மேட்டின் உச்சியில், மரங்களுக்கு மேலே ஒரு புகைக்கோடு தெரிந்தது.

"நான் போய் ஆளைக் கூட்டிட்டு வரேன்."

"வேணாங்க. அது முழுக்க மேடு. மார்செல் எப்படியும் தேடி வருவான்."

"அவங்க வந்து சேர்றதுக்குள்ள இருட்டிடும் நாகு. நீ குளிர்ல இப்படியே உக்காந்திருக்க முடியாது."

அவள் என்னையும் மேட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஓடாதீங்க. நின்னு நின்னு போங்க. மேல் மூச்சு வாங்கினா உக்காந்துருங்க, சரியா? எனக்காக ஓடாதீங்க."

என் கோட்டைக் கழற்றி அவள் மேல் போர்த்திவிட்டுக் கிளம்பினேன்.

முதலில் சொன்னபடிதான் ஏறினேன். நின்று நின்று. "மெதுவா! மெதுவா!" என்று கீழேயிருந்து அவள் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு வளைவு திரும்பியதும் அந்தக் குரல் நின்றுவிட்டது. அது நின்றதும் எனக்குள் என்ன ஆனதென்று தெரியவில்லை, ஓட ஆரம்பித்தேன். பள்ளிக்கூடப் பையனைப் போலக் கையைக் கையை வீசிக்கொண்டு, சேற்றில் வழுக்கி, வேரைப் பிடித்து, ஓடினேன்.

பாதி மேட்டில் மூச்சு அடைத்தது. ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். நெஞ்சு அடித்த அடியில் மரமே அதிர்வதுபோல் இருந்தது. ஒரு வருஷமாக எந்தச் சத்தத்துக்குப் பயந்து நாற்காலியில் கிடந்தேனோ, அந்தச் சத்தம் இப்போது காது இரண்டிலும் கேட்டது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பை காலி. மாத்திரை நாகேஸ்வரியின் கைப்பையில். கைப்பை அவள் மடியில். அவள் கீழே.

திரும்பி இறங்கிப் போய் எடுத்துக்கொண்டு வரலாம். வந்தால் இதே மேட்டை மறுபடி ஏற வேண்டும், அதற்குள் இருட்டிவிடும். மரத்தைப் பிடித்தபடி வலி வருகிறதா என்று காத்திருந்தேன். கிள்ளானில் வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: நடு நெஞ்சில் கல்லை வைத்தாற்போல் ஆரம்பித்து, இடது கைக்கு இறங்கும். கையைப் பார்த்தேன். சேறாக இருந்தது. வலி இல்லை. மறுபடி காத்திருந்தேன். மூச்சு மட்டும் வாங்கிக்கொண்டிருந்தது. மேட்டில் ஓடினால் யாருக்கும் வாங்குகிற மூச்சு.

மரத்தை விட்டேன். மேலே ஏறினேன்.

உச்சியில் ஒரு பண்ணை வீடு. நாய் குரைத்துக்கொண்டு ஓடிவந்தது. ரப்பர் பூட்ஸ் போட்ட ஓர் அம்மாள், அறுபது வயதிருக்கும், வாளியில் வாதுமைக்கொட்டை அள்ளிக்கொண்டிருந்தார். மழையில் நனைந்து, சேறு பூசி, நெஞ்சில் கை வைத்து மூச்சு வாங்கும் ஒரு கறுத்த மனிதன் மரங்களுக்குள்ளிருந்து வந்து நின்றால் அவர் என்ன நினைப்பார்? வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்து என்னைத் தாங்கிப் பிடித்தார். பெஞ்சில் உட்கார வைத்தார். உள்ளே ஓடி ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையில் தண்ணீர்போல் ஏதோ கொண்டுவந்து என் வாயில் வைத்தார். தொண்டை எரிந்தது. சாராயம்.

"நோ, நோ! மை வைஃப்!" என்றேன். நெஞ்சிலிருந்து கையை எடுக்க மறந்துவிட்டேன். அவர் என்னைப் படுக்க வைக்கப் பார்த்தார். நான் எழுந்தேன், அவர் தோளைப் பிடித்து அமுக்கினார். நல்ல பலம்.

ஆங்கிலம் செல்லவில்லை. மலாய் அதைவிடச் செல்லாது. கடைசியில் பெஞ்சைவிட்டுக் குதித்து, "மதாம்! மதாம்!" என்று பள்ளத்தாக்கைக் காட்டினேன். இலையில் வழுக்குவதுபோல் நடித்துக் கீழே விழுந்து, இடது காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஐயோ! ஐயோ!" என்று கத்தினேன். நாய்கூடக் குரைப்பதை நிறுத்தியது.

"ஆஆ!" என்றார் அந்த அம்மாள். ஐயோ மட்டும் புரிந்தது.

அடுத்த நிமிஷம் டிராக்டரில் இருந்தோம். அவர் ஓட்டினார். பின்னால் கோர்த்திருந்த வண்டியில் சாக்கு மூட்டைகளைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். வேறொரு வண்டிப்பாதை சுற்றிக்கொண்டு அந்த ஓடைக்கே இறங்கியது. விளக்கு வெளிச்சத்தில் என் கோட்டு தெரிந்தது. "நாகு!" என்று கத்தினேன்.

கிட்டே போய்ப் பார்த்தால், கைப்பை திறந்து கிடக்கிறது. மாத்திரைப் புட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துப் படபடவென்று அடித்தாள்.

"ஏன் இதை விட்டுட்டுப் போனீங்க? ஏன் விட்டுட்டுப் போனீங்க? நீங்க அங்க எங்கயோ விழுந்து கிடக்கிறீங்க, என்னால எந்திரிச்சு வர முடியலன்னு… கூப்பிட்டேன், எவ்வளவு நேரம் கூப்பிட்டேன், கேக்கலையா உங்களுக்கு?"

"ஒண்ணும் ஆகல நாகு. பாரு, நிக்கிறேன்."

அவள் அழுதாள். ஆப்பரேஷன் அறைக்குள் என்னைத் தள்ளிக்கொண்டு போனபோதும் அழாதவள். பிரெஞ்சு அம்மாள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வண்டியிலிருந்த சாக்குகளை மெத்தைபோல் அடுக்க ஆரம்பித்தார். அடுக்கி முடிந்த பிறகும் அதையே சரிசெய்துகொண்டிருந்தார்.

பண்ணை வீட்டு அடுப்படியில் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. நாகேஸ்வரியின் காலை ஒரு ஸ்டூலில் தூக்கி வைத்து ஈரத்துணி சுற்றினார் அந்த அம்மாள். எங்கள் விடுதியின் பெயரைச் சொன்னதும் அங்கே போன் போட்டுச் சத்தமாகப் பேசினார். பிறகு கேட்காமல் கொள்ளாமல் எங்கள் முன்னால் ஆளுக்கொரு கிண்ணம் வைத்தார். வாத்துக் கொழுப்பில் வதக்கிய பூண்டும் வெங்காயமும், முட்டை கலக்கிய சூப். அடியில் காய்ந்த ரொட்டித் துண்டு. அதற்குப் பிறகு காளான் போட்ட ஆம்லெட். உப்பும் எண்ணெயும் வெண்ணெயும் எதில் எவ்வளவு என்று கேட்க எங்கள் இருவருக்கும் பிரெஞ்சு தெரியாது.

நான் கரண்டியை எடுத்தேன். நாகேஸ்வரி பார்த்தாள். ஒரு வாய் குடித்தேன். பூண்டு மூக்குவரை ஏறியது. இன்னொரு வாய். சூப் அடிக்கு வந்ததும், அந்த அம்மாள் சிவப்பு ஒயினைக் கொஞ்சம் என் கிண்ணத்தில் ஊற்றி, சுழற்றி, அப்படியே தூக்கிக் குடிக்கும்படி காட்டினார். அந்தப் பக்கத்து வழக்கம் அதுவாம். வாழையிலையில் கடைசியாக ரசத்தை ஊற்றிக் கையால் வழித்துக் குடிக்கிறோமே, அதே திருப்தி.

கிண்ணத்தை இறக்கினபோது, நாகேஸ்வரி தன் கிண்ணத்தைக் காலி செய்திருந்தாள். ரொட்டியைப் பிய்த்துச் சுற்றிலும் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷம் என்னோடு சேர்ந்து உப்பில்லாமல் தின்றவள். "இன்னும் கொஞ்சம் கேக்கலாமா? தப்பா நெனைப்பாங்களா?" என்று என்னைக் கேட்டாள். கேட்பதற்கு முன்பே கரண்டி வந்துவிட்டது.

மார்செல் அலறியடித்துக்கொண்டு வந்தார். கூடவே பக்கத்து ஊர் டாக்டர், நரைத்த மீசைக்காரர். நாகேஸ்வரியின் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான் என்றார். கட்டுப் போட்டார். பெட்டியை மூடப்போனவரை நாகேஸ்வரி விடவில்லை.

"இவரையும் பார்க்கச் சொல்லுங்க. ஹார்ட் பேஷன்ட். மேடு முழுக்க ஏறியிருக்காரு."

டாக்டர் என் சட்டையைத் திறந்து, தழும்பைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். முன்னாலும் பின்னாலும் வெகுநேரம் குழாய் வைத்துக் கேட்டார். நாடி பிடித்தார். பிறகு மார்செலிடம் இரண்டே வார்த்தை சொன்னார்.

"'இது ஓர் இதயம், வேலை செய்கிறது' என்கிறார்."

"நல்லா கேக்கச் சொல்லுங்க. நடக்கல, ஓடியிருக்காரு."

மார்செல் சொன்னார். டாக்டர் தோளைக் குலுக்கினார்.

"'ஓடிய பிறகும் வேலை செய்கிறது' என்கிறார்."

நாகேஸ்வரி மூச்சை விட்டாள். அந்த மூச்சை அவள் எப்போது இழுத்துப் பிடித்தாள் என்று எனக்குத் தெரியும். அன்று கிள்ளான் பஸ் நிலையத்தில். அந்த அம்மாள் எங்களுக்காக ஒரு வாதுமை கேக்கை வெட்டினார். டாக்டரும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கடைசி நாள் நாகேஸ்வரி வேனில் முன் இருக்கையில், ஒரு தடியைக் கையில் வைத்துக்கொண்டு. நான் மற்றவர்களோடு கிளம்பினேன். மாத்திரைப் புட்டியை அவளே என் சட்டைப் பையில் போட்டுப் பித்தானை மாட்டினாள். "உக்காருறீங்களா?" என்று கேட்க ஆளில்லாமல் நடப்பது முதலில் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆர்தர் மேட்டில் நின்றால் நானும் நின்றேன். நான் நின்றால் அவரும் நின்றார். ஹாலந்துச் சகோதரிகள் முன்னால் பாடிக்கொண்டே போனார்கள். வெயில் அடித்தது. நெஞ்சைப் பற்றி நினைத்து வெகுநேரமாகிவிட்டது என்பது, ஊர் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஊர்ச் சதுக்கத்தில் காப்பிக் கடைக்கு வெளியே, இன்னொரு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு நாகேஸ்வரி உட்கார்ந்திருந்தாள். "வாங்க, மாலதிக்கு ஒரு போன் போட்டுருவோம். விழுந்ததை மட்டும் சொல்ல வேண்டாம், பயந்துடுவா" என்றாள்.

சதுக்கத்து மூலையில் கண்ணாடிப் போன் கூண்டு. அவளைத் தாங்கிப் பிடித்து உள்ளே நிறுத்தினேன். கையிலிருந்த சில்லறையைப் போட்டோம். மாலதியின் குரல் எனக்கும் கேட்டது. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன்.

"அம்மா! எப்படி இருக்கீங்க? சாப்பாடெல்லாம் ஒத்துக்கிச்சா? அப்பா கொஞ்சமாச்சும் நடந்தாரா, இல்ல வேன்லயே உக்காந்திருந்தாரா?"

"நடந்தாராவா?" என்றாள் நாகேஸ்வரி. "ஓடினாருடி!"

"என்ன? ஓடினாரா? ஏன் ஓடினாரு? அம்மா, என்ன ஆச்சு…"

சில்லறை தீர்ந்து லைன் அறுந்துபோனது.

நாகேஸ்வரி ரிசீவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். லண்டனில் மகள் இந்நேரம் என்ன பாடு பட்டுக்கொண்டிருப்பாள் என்பது இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது. முதலில் அவள் தோள்தான் குலுங்கியது. பிறகு அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள், ரிசீவரைக் கையில் பிடித்தபடி, ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, சதுக்கத்தில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். எங்கே விழுந்துவிடப் போகிறாளோ என்று அவளைப் பிடித்துக்கொண்டு நானும் சிரித்தேன். ரொட்டிக் கடைக்குப் போய்ச் சில்லறை மாற்றிக்கொண்டு வர வேண்டும், மாலதியை உடனே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் தெரிந்தும், கொஞ்ச நேரம் எங்கள் இருவராலும் அந்த இடத்தைவிட்டு நகர முடியவில்லை.